வம்சம் சொல்ல ஆள் இல்லாத ஊர்

ஹைதராபாத்தின் மாதாப்பூரில் இருக்கும் சில்பாராமம் கைவினைச் சந்தையில் செரியால் முகமூடிகள் விற்கும் கடைகள் உண்டு. மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் சேர்த்துச் செய்த முகங்கள். ஆணுக்கு முறுக்கிய மீசை, பெண்ணுக்குப் பெரிய பொட்டும் மூக்குத்தியும். சனி, ஞாயிறு மாலைகளில் பக்கத்து ஐடி கம்பெனிக்காரர்கள் ஜோடி ஜோடியாக வாங்கிப் போய் ஃப்ளாட்டின் ஹாலில் மாட்டுகிறார்கள். அதே பாணியில் சாவிக்கொத்து, பேனா ஸ்டாண்ட், சின்னச் சட்டமிட்ட படம் எல்லாம் கிடைக்கும்.

வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. இந்தச் செரியால் ஓவியம் சுவரில் மாட்டப் பிறந்தது அல்ல. தெலங்கானாவின் சித்திபேட்டை மாவட்டத்தில் இருக்கிறது செரியால். அங்குள்ள நகாஷி ஓவியர்கள் கதர்த் துணியில் வெள்ளைக் களிமண்ணும் புளியங்கொட்டைப் பசையும் பூசி, சிவப்புப் பின்னணியில் கட்டம் கட்டமாகக் கதை வரைவார்கள். மூன்றடி அகலம், முப்பது நாற்பது அடி நீளம் என்று சுருள் வளரும். அதை வரையச் சொல்லிக் காசு கொடுத்தவர்கள் கதைசொல்லிகள். பத்மசாலி நெசவாளர்களுக்குக் கூனபுலிக்காரர்கள், மாதிகர்களுக்கு டக்கலிகள், முதிராஜ்களுக்குக் காகிபடகலக்காரர்கள் என்று ஒவ்வொரு சாதிக்கும் அதன் கதையைச் சொல்வதற்கென்றே ஒரு சிறு கூட்டம் இருந்தது. அறுவடை முடிந்ததும் ஊருக்கு வருவார்கள். இரவில் விளக்கு வைத்து, சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, உங்கள் ஆதி மனிதன் யார், எங்கிருந்து வந்தீர்கள், உங்களுக்கு இந்தத் தொழில் எப்படி வந்தது என்று பாடுவார்கள். கூலியாக நெல்லும் சோளமும் துணியும் பணமும் கிடைக்கும். எந்த ஊர் யாருக்கு என்று தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். அந்த உரிமை அப்பனுக்குப் பின் மகனுக்குப் போகும்.

ரெட்டிகள் முதலான குடியானவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஏற்பாடு. பிச்சகுண்ட்ல என்று அழைக்கப்பட்டவர்கள் வீடு வீடாக வந்து கோத்திரத்தையும் வீட்டுப் பெயரையும் வம்ச வரிசையையும் ஒப்பிப்பார்கள். அவமானம் தொனிக்கும் அந்தப் பழைய பெயரை நீக்கிவிட்டு, அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் இப்போது அவர்களை வம்சராஜ் என்கிறது. பெயர் உயர்ந்துவிட்டது. தொழிலும் வருமானமும் அப்படி உயர்ந்ததாகச் சொல்ல முடியாது. டக்கலி சமூகத்திலிருந்து வந்த, கின்னெரா என்னும் நரம்புக் கருவி வாசிக்கும் கலைஞர் தர்ஷனம் மொகிலய்யாவுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024இல் ஹைதராபாத் அருகே கட்டட வேலையில் கூலியாளாக அவர் நின்ற படமும் செய்திகளில் வந்தது.

காத்தவர்கள் யார்?

குடும்பக் கதையைப் பாதுகாப்பது குடும்பத்தின் வேலை என்று இன்று நினைக்கிறோம். பழைய ஏற்பாடு அப்படி இல்லை. நம் கதையை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். நாம் நெல் அளந்தோம், அவர்கள் நினைவு வைத்திருந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். நாட்டுக்கோட்டை நகரத்தாருக்கு இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என ஒன்பது நகரக் கோயில்கள். கல்யாணம் என்றால் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். மாலை வந்தால் அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளி. ரங்கூனில் கடை வைத்தாலும் பினாங்கில் வட்டிக்கு விட்டாலும், எந்தக் கோயில் எந்தப் பிரிவு என்பது ஊர்க்கோயிலின் ஏட்டில் நின்றது. தர்ப்பணம் செய்கிற வீடுகளில் மூன்று தலைமுறைப் பெயர்களைப் புரோகிதர் எடுத்துக் கொடுப்பார். அப்பாவின் தாத்தா பெயர் மகனுக்கு மறந்திருக்கும், சாஸ்திரிகளுக்கு மறக்காது. கடற்கரைக் கிறிஸ்தவர்களுக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. வடக்கே ஹரித்துவாரில் பண்டாக்கள் நீளநீளமான கணக்குப் புத்தகங்களில் மாவட்டவாரியாகக் குடும்பங்களின் பிறப்பையும் இறப்பையும் எழுதிவைத்தார்கள். அமெரிக்காவின் யூட்டாவிலுள்ள வம்சாவளிச் சங்கம் வந்து மைக்ரோஃபிலிம் எடுத்துப் போகிற அளவுக்கு அவை பெரும் ஆவணக் கிடங்கு.

ஏடு எதுவும் இல்லாத வீடுகளுக்கு ஒப்பாரி இருந்தது. செத்தவர் பிறந்த ஊர், கொண்டு வந்த சீர், பெற்ற பிள்ளைகள், பறிகொடுத்த பிள்ளைகள், பங்காளி செய்த துரோகம் எல்லாம் அதில் வந்துவிடும். ஊர் கூடி நிற்கும்போது, யாரும் மறுத்துப் பேச முடியாத ஒரு நேரத்தில், ஒரு பெண் சொல்லும் வாழ்க்கை வரலாறு அது. ஃப்ரீசர் பாக்ஸும் எரிவாயுத் தகன மேடையும் வந்தபின் அதற்கு நேரம் இல்லை. அபார்ட்மென்ட் அசோசியேஷன் விதிகளில் இடமும் இல்லை.

இந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு. சாதியின் அடுக்கு அப்படியே அதில் உட்கார்ந்திருந்தது. பாடியவர்களைப் பிச்சைக்காரர்கள் என்றே ஊர் நடத்தியது. அவர்களுடைய சொந்த வம்சத்தை யார் பாடினார்கள் என்று கேட்டால் பதில் சங்கடமாகவே இருக்கும். மறுபடி அந்தக் காலம் வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேலையைச் செய்த ஆட்கள் போய்விட்டார்கள், வேலை அப்படியே கிடக்கிறது.

மாதாப்பூருக்கு வந்தவர்கள்

ஹைதராபாத்துக்குத் தமிழர்கள் புதியவர்கள் இல்லை. 1798இல் நிஜாமுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஏற்பட்ட துணைப்படை ஒப்பந்தத்துக்குப் பின் உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே மதராஸ் படை முகாம் போட்டது. 1806இல் அந்த முகாம் சிக்கந்தராபாத் என்று பெயர் பெற்றது. சிப்பாய்களோடு ஒப்பந்தக்காரர்களும் கணக்கர்களும் வியாபாரிகளும் வந்தார்கள். சோமசுந்தர முதலியார் 1862இல் அங்கே தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் மஹபூப் கல்லூரி. 1893 பிப்ரவரியில், சிகாகோ போவதற்கு முன், விவேகானந்தர் அங்கேதான் பேசினார். அந்தப் பழைய குடும்பங்கள் ஒரே வட்டாரத்தில் கூடி வாழ்ந்தன. கோயில் இருந்தது, சங்கம் இருந்தது, தெரு முனையில் உறவு இருந்தது.

மாதாப்பூர் வேறு மாதிரி. பாறையும் புதருமாகக் கிடந்த புறநகர்க் கிராமம் அது. 1998 நவம்பரில் பிரதமர் வாஜ்பாய் அங்கே சைபர் டவர்ஸ் ஐடி வளாகத்தைத் திறந்து வைத்தார். அதற்குப் பின் வந்தவர்கள் தனித்தனியாக வந்தார்கள். திருநெல்வேலி ஒரு தளத்தில், ஈரோடு ஒரு தளத்தில், நடுவில் குண்டூரும் கான்பூரும். முதலில் அய்யப்பா சொசைட்டி ஹாஸ்டலில் ஒரு கட்டில், பிறகு வாடகை வீடு, பிறகு இருபது வருடக் கடனில் ஃப்ளாட். தாத்தாவும் பாட்டியும் பிரசவத்துக்கும் கோடை விடுமுறைக்கும் வருவார்கள், மூன்று மாதம் இருப்பார்கள், ரயிலேறிவிடுவார்கள். பேரன் வாட்ச்மேனிடம் தெலுங்கு, நண்பர்களிடம் இந்தி, டீச்சரிடம் ஆங்கிலம். பாட்டியிடம் பேச ஐம்பது தமிழ்ச் சொல் வைத்திருப்பான். அவற்றில் பாதி சாப்பாட்டைப் பற்றியது.

பள்ளியில் 'ஃபேமிலி ட்ரீ' வரைந்து வரச் சொல்வார்கள். சார்ட் பேப்பரில் மரம் வரைந்து, மேலே தாத்தா பாட்டி நால்வர் படத்தை ஒட்டினால் வேலை முடிந்தது. அதற்கு மேல் ஒரு கிளை வரையச் சொல்லுங்கள், அப்பா அம்மாவே போனை எடுத்து ஊருக்கு அழைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் கொள்ளுப்பாட்டிகள் நால்வர். அத்தை மகனையும் மாமன் மகளையும் கட்டிய வீட்டில் அது மூன்றாகக் குறையும். வெளிநாட்டில் எழுதிய வம்சாவளி ஆப்களுக்கு நம் உறவுமுறையின் இந்தச் சுற்றுவழி அவ்வளவாகப் பிடிபடாது. அந்த நால்வரின் பெயரையும் சொல்லத் தெரிந்தவர் ஒரு அபார்ட்மென்டில் எத்தனை பேர் இருப்பார்கள்?

தெரிந்து என்ன ஆகப் போகிறது?

கேட்க வேண்டிய கேள்விதான். கொள்ளுப்பாட்டி பெயர் தெரியாமலே வாழ்ந்துவிடலாம், பலர் நன்றாகவே வாழ்கிறார்கள்.

சின்னக் காரணத்திலிருந்து தொடங்குவோம். நாற்பது வயதில் நெஞ்சு வலி என்று போனால் இதய மருத்துவர் முதலில் கேட்பது, வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்ததா என்பது. 'பெரியப்பா திடீரென்று போய்விட்டார்' என்பது பதில் ஆகாது. எத்தனை வயதில், எப்படி என்று தெரிந்தால் சிகிச்சையே மாறலாம். சர்க்கரை, மார்பகப் புற்றுநோய், சில வகைக் கண் நோய் எல்லாவற்றுக்கும் இதே கேள்வி வரும்.

எமரி பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் 20 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை உருவாக்கினார்கள். தாத்தாவும் பாட்டியும் எங்கே சந்தித்தார்கள், அம்மா எங்கே படித்தாள், வீட்டில் என்ன கஷ்டம் வந்தது என்பது போன்றவை. அதிகம் பதில் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கையும் தடுமாற்றத்தைத் தாங்கும் சக்தியும் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். இதை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு வம்ச வினாடி வினா நடத்தக் கிளம்ப வேண்டாம். பெயர்களை மனப்பாடம் செய்வதில் பலன் இல்லை, அந்தப் பதில்கள் தெரிய வந்த சாப்பாட்டு நேரப் பேச்சுகளில்தான் இருக்கிறது என்று அந்த ஆய்வாளர்களே சொல்கிறார்கள். அவர்கள் பார்த்தது சில பத்து அமெரிக்கக் குடும்பங்களை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எனக்கு இந்த ஆய்வைவிட ஒரு தெலுங்குப் படம் அதிகம் சொன்னது. வேணு எல்தண்டி இயக்கி 2023 மார்ச்சில் வந்த 'பலகம்'. தெலங்கானா கிராமத்தில் கொமுரய்யா என்ற கிழவர் இறந்துபோகிறார். படையலைக் காகம் தொட மறுக்கிறது. மகனுக்கும் மருமகனுக்கும் பல வருடப் பகை, அதன் தொடக்கம் விருந்தில் யார் இலையில் நல்லி எலும்பு விழுந்தது என்பது. கடைசியில் புடக ஜங்கம் பாடகர் தம்பதி வந்து செத்தவரின் வாழ்க்கையைக் குடும்பத்தின் முன் பாடுகிறார்கள். நடித்தவர்கள் உண்மையிலேயே அந்தத் தொழில் செய்த பஸ்தம் மொகிலய்யாவும் அவர் மனைவி கொமுரம்மாவும். தெலங்கானா கிராமங்களில் திறந்தவெளியில் திரை கட்டி இந்தப் படத்தைப் போட்டார்கள். ஊரே அழுதது. தகப்பன் பட்ட பாட்டைப் பிள்ளைகளிடம் தகப்பனே சொல்லியிருந்தால் அது புலம்பல். மூன்றாவது ஆள் பாடியதால் உள்ளே போயிற்று. பஸ்தம் மொகிலய்யா 2024 டிசம்பரில் காலமானார்.

வெளியாள் எழுதியதே கதி என்று ஆகிவிட்டவர்களும் உண்டு. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலில் இறங்கினார்கள், பெரும்பகுதியினர் சென்னை வழியாகப் போனவர்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, தாலுகா, ஊர், உயரம், உடல் அடையாளம் என்று ஒவ்வொருவரையும் பதிவேட்டில் எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிக்க உதவும் என்று எழுதியது அது. இன்று அவர்களின் நான்காம் ஐந்தாம் தலைமுறை அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் வேலூர்ப் பக்கம் ஊர் தேடி வருகிறது. ஆங்கிலேயக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரை வைத்து, இது எந்த ஊர் என்று பேருந்து நிலையத்தில் கேட்கிறார்கள்.

பாத்திரத்தின் விளிம்பில்

மாதாப்பூர்த் தமிழருக்கு அவ்வளவு சிரமம் இல்லை. ஆவணங்கள் ஊர் வீட்டின் பரணில் இருக்கின்றன, பல வேளைகளில் இங்கே சமையலறையிலேயே இருக்கின்றன.

எவர்சில்வர் தூக்கைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். இன்னார், இன்ன ஊர், சில சமயம் தேதியும். யாருடைய கல்யாணத்துக்கு யார் கொடுத்தது என்பது அதில் இருக்கிறது. பெண்களின் பெயர் இவ்வளவு அதிகமாக எழுதப்பட்ட வேறு ஆவணம் தமிழ் வீட்டில் கிடையாது என்பேன். பட்டாவில் அவள் பெயர் இருக்காது, குடத்தில் இருக்கும். பழைய பாத்திரத்தை எடைக்குப் போடுமுன் அந்த எழுத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து மொய் நோட்டு. ஐம்பது வருடத்துக்கு முந்திய நோட்டில் ஊர்வாரியாகப் பெயரும் தொகையும் இருந்தால், அதுவே ஒரு உறவு வரைபடம். எந்த ஊரோடு போக்குவரத்து நின்றது, எந்தப் பெயர் ஒரு கல்யாணத்துக்குப் பின் காணாமல் போயிற்று என்று பார்த்தால் சண்டைகள் வெளிவரும். கல்யாணப் பத்திரிகைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த புத்தகங்களும் துண்டுக் காகிதங்களும்தான் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. நாம் குப்பை என்று நினைப்பதை அவர் அப்படி நினைக்கவில்லை.

மூலப்பத்திரத்தில் 'இன்னார் மகன் இன்னார்' என்று இரண்டு மூன்று தலைமுறை வரும், நான்கு எல்லைக்கும் அண்டைக்காரர் பெயரும் வரும். குலதெய்வம் இன்னொரு தடயம். பஞ்சத்திலோ பகையிலோ ஊர்விட்டுப் போனவர்கள் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போய்ப் புது ஊரில் சாமியை நிலைநிறுத்துவது வழக்கம். உங்கள் சாமிக்கு மூலக்கோயில் வேறு ஊரில் இருக்கிறது என்றால், உங்கள் ஆட்கள் அங்கிருந்து வந்தவர்கள். ஏன் கிளம்பினார்கள் என்பது பூசாரிக்குத் தெரிந்திருக்கும், அவர் சொல்வதில் பாதியையாவது நம்பலாம்.

கேட்கும் முறை

போனை நீட்டி 'பாட்டி, உங்க கதையைச் சொல்லுங்க' என்றால், 'எங்கிட்ட என்ன கதை இருக்கு, போடா' என்றுதான் வரும். பொருளைக் காட்டிக் கேட்க வேண்டும். 'இந்தத் தூக்குல சிவகாமின்னு போட்டிருக்கே, அது யாரு ஆச்சி?' என்றால் அரை மணி நேரம் ஓடும். அரிசி எங்கே வாங்கினீர்கள், அந்த வீட்டில் கிணறு எந்தப் பக்கம், முதல் பிள்ளைக்கு யார் பிரசவம் பார்த்தது, ரேஷனில் மக்காச்சோளம் போட்ட காலத்தில் என்ன சமைத்தீர்கள் என்று சின்னதாகவே கேளுங்கள். குறுக்கே திருத்தக் கூடாது. தாத்தா பக்கத்தில் இருந்தால் பாட்டி பேச மாட்டார், அவரை வாக்கிங் அனுப்பிவிட்டு ரெக்கார்டரைப் போடுங்கள்.

தேதிக்கு ஆதாரை நம்ப வேண்டாம். காதைத் தொடச் சொல்லித் தலைமையாசிரியர் குறித்த பிறந்த நாள்தான் பலருக்கு அதில் ஏறியிருக்கிறது. 'பார்த்திப வருஷம்' என்று சொன்னால் அது 1945-46. அறுபது வருடச் சுற்று என்பதால் எந்தச் சுற்று என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தனுஷ்கோடி அழிந்த புயலுக்கு முன்பா பின்பா என்று கேட்டால் 1964 டிசம்பர் ஒரு முளையாக நிற்கும். எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பர் இன்னொன்று. ஒரே சம்பவத்தை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். கதைகள் முரண்பட்டால் இரண்டையும் எழுதி, யார் எப்போது சொன்னது என்று குறியுங்கள்.

பழைய போட்டோவின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதலாம், பால்பாயின்ட் பேனா படத்தில் பதிந்துவிடும். பசை தடவிய ஆல்பங்களிலிருந்து படங்களைப் பொறுமையாக எடுத்துவிடுங்கள். ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள், ஸ்டூடியோ முத்திரை ஊரைக் காட்டிக்கொடுக்கும். ஒலிப்பதிவு ஒரு போனில் மட்டும் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். மூன்று இடத்தில் வையுங்கள், முக்கியமானதைத் தமிழில் தட்டச்சு செய்து காகிதத்தில் எடுத்து இரண்டு வீட்டுக்குக் கொடுங்கள். செரியால் சுருள் நைந்துபோனால், அதைப் பார்த்துப் புதியது வரையச் சொல்லிவிட்டுத்தான் பழையதைச் சடங்கு செய்து ஆற்றில் விடுவார்கள். சிடி போய், பென் டிரைவ் போய், நாளை இன்னொன்று வரும். அதற்கும் இதே முறைதான்.

வாட்ஸ்அப் குடும்பக் குழுவைக் கேலி செய்வது எளிது. குட் மார்னிங் பூக்களுக்கு நடுவே வாரம் ஒரு பழைய படத்தைப் போட்டு 'இடமிருந்து மூன்றாவது யார்?' என்று கேட்டுப் பாருங்கள், பதில் டொராண்டோவிலிருந்து வரும்.

பெருமையும் ரகசியமும்

இதில் இறங்குகிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. யாரைக் கேட்டாலும் முன்னோர் தளபதி, அமைச்சர், குறைந்தபட்சம் ஜமீனுக்கு வேண்டியவர். ஆண்ட பரம்பரைக்கு ஆள் பஞ்சமே இல்லை. ஏர் ஓட்டியவர், பண்ணையில் கூலி அளந்தவர், கப்பலேறியவர், கடனில் ஊரைவிட்டு ஓடியவர் எல்லாம் எங்கே போனார்கள்? சாதிச் சங்க மலரிலிருந்து எடுத்த பத்தியைக் குடும்ப வரலாற்றில் ஒட்டுவதைவிட, தாத்தா எந்த வருடம் எவ்வளவு சம்பளத்துக்குச் சேர்ந்தார் என்ற ஒரு வரி உருப்படியானது.

வம்சம் பாடியவர்களும் பெண்களை விட்டுவிட்டார்கள். வரிசை அப்பன், மகன், பேரன் என்றே போகும். அம்மா வழியில் நேராக மேலே போய்ப் பாருங்கள்: அம்மாவின் அம்மா, அவளுடைய அம்மா. ஒவ்வொரு படியிலும் ஊர் மாறும், வீட்டுப் பெயர் மாறும், மூன்றாவது படியில் பெரும்பாலோர் நின்றுவிடுவோம். ஆகவே நேரம் கொஞ்சம்தான் என்றால் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது, அங்கேதான் சொல்ல ஆள் சீக்கிரம் தீர்ந்துபோவார்கள்.

கேட்டுக்கொண்டே போனால் ஒரு நாள் வேறொன்று வரும். இரண்டாம் தாரம், கிணற்றில் விழுந்த அத்தை, சாதி மீறிப் போனதால் பேர் வெட்டப்பட்ட பெரியம்மா, எழுதி வாங்கப்பட்ட நிலம். 'இதை எழுதாத' என்பார்கள். ரெக்கார்டரை நிறுத்திவிட வேண்டும், தெரியாமல் ஓடவிடுவது துரோகம். சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்த்து, அவர்கள் காலத்துக்குப் பின் திறக்கலாமா என்று சொன்னவரிடமே கேட்கலாம். சிலர் சம்மதிப்பார்கள். சிலர் கூடாது என்பார்கள், அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். பல வீடுகளில் அதே பாட்டி நாலு நாள் கழித்து, மகனிடம் மறைத்ததை மருமகளிடம் கீரை ஆய்ந்துகொண்டே முழுசாகச் சொல்லிவிடுவார். மருமகள் அப்போது, 'இதை எழுதி வெச்சுக்கட்டுமா அத்தை?' என்று கேட்டுக்கொண்டால் போதும்.